“பொதுமக்கள் சார்பாக”ன்னு சங்கம் சொன்னா அது எவ்வளவு தூரம் உண்மை? கடலூர், புதுச்சேரி பக்கம் பொதுவேலைக்கு புதுசா வர்றவங்களுக்கு

கடலூர்லயோ புதுச்சேரிலயோ ஒரு மாசம் தொடர்ந்து பேப்பர் படிச்சீங்கன்னா தெரியும், வியாபாரிகள் சங்கம், மீனவர் சங்கம், விவசாயிகள் சங்கம், ஊழியர் கூட்டமைப்பு, குடியிருப்போர் நலச்சங்கம்னு தினமும் யாராவது மனு குடுக்கறாங்க, ஆர்ப்பாட்டம் பண்றாங்க, கடையடைப்புன்னு அறிவிக்கறாங்க. எல்லா நோட்டீஸ்லயும் “பொதுமக்கள் சார்பாக”ன்னு ஒரு வரி கண்டிப்பா இருக்கும். அந்த வரியை அப்படியே நம்பறதும் தப்பு, “எல்லாம் சும்மா”ன்னு தூக்கிப் போடறதும் தப்பு. காலேஜ் முடிச்சிட்டு சமூக வேலைக்கு வர்ற பசங்க, புதுசா ரிப்போர்ட்டர் ஆனவங்க, முதல் தடவையா வார்டு கவுன்சிலர் ஆனவங்கன்னு எல்லாரும் என்கிட்ட கேக்கறது இதைத்தான், யார் பேச்சை ஊர் பேச்சுன்னு எடுத்துக்கறது?

என் நிலைப்பாட்டை முதல்லயே சொல்லிடறேன். சங்கம் வேணும். தனி ஆளா கலெக்டர் ஆபீஸ் வாசல்ல நிக்கறவனுக்கும் நாலு பேரோட கொடி பிடிச்சி நிக்கறவனுக்கும் கிடைக்கற மரியாதை என்னன்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா சங்கத்தோட குரல்தான் ஊரோட குரல்னு நாம எடுத்துக்கிட்டோம்னா, எந்த சங்கத்துலயும் இல்லாத ஆளுங்க கணக்குலயே வராம போயிடறாங்க, அதுவும் பெரும்பாலும் ஏழைங்க, பொம்பளைங்க, வாடகைக்கு இருக்கறவங்க, குத்தகைக்கு உழறவங்க. இந்தக் கட்டுரை அவங்களுக்காகத்தான்.

முதல்ல கோரிக்கையை ஒரே வரில எழுதுங்க

நோட்டீஸை கைல எடுத்து, அவங்க என்ன கேக்கறாங்க, யார்கிட்ட கேக்கறாங்க, கிடைச்சா யாருக்கு லாபம், யாருக்கு செலவுன்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க. இதை செய்யாம அடுத்த வேலைக்குப் போகாதீங்க, ஏன்னா பாதி நோட்டீஸ்ல ரெண்டு மூணு கோரிக்கை கலந்து கிடக்கும், ஒண்ணு உறுப்பினருக்கு மட்டும் நல்லது, இன்னொண்ணு ஊருக்கே நல்லது.

2022 செப்டம்பர் கடைசில புதுச்சேரி மின்துறை ஊழியர்கள் தனியார்மயத்தை எதிர்த்து ஸ்ட்ரைக் பண்ணாங்க, ஞாபகம் இருக்கும். யூனியன் பிரதேசங்கள்ல மின் விநியோகத்தை தனியார்கிட்ட குடுக்கப் போறோம்னு ஒன்றிய அரசு 2020 மே மாசமே சொல்லிடுச்சி, டெண்டர் வந்தப்பதான் இங்க போராட்டம் பெருசாச்சி. ஊழியர்களுக்கு கவலை வேலை, பென்ஷன், சர்வீஸ். ஜனங்களுக்கு கவலை கரண்ட் பில் ஏறுமா, குடிசைக்கும் விவசாயத்துக்கும் கிடைக்கற சலுகை நிக்குமாங்கறது. ரெண்டும் ஒரே பக்கம் நிக்குது, ஆனா காரணம் வேற வேற. அதனாலதான் ஸ்ட்ரைக் நாள்ல கரண்ட் போனதும் அதே ஜனங்க பல இடத்துல ரோட்ல உக்காந்தாங்க. தனியார்மயம் வேணாங்கறதுல ஊரும் சங்கமும் ஒண்ணா இருக்கலாம், அதுக்காக எந்த விலை குடுக்கறதுங்கறதுல ஒண்ணா இல்லாம இருக்கலாம், இதை ரெண்டு தனி கேள்வியா எழுதிக்கணும்.

ரெண்டாவது, சங்கத்துல எத்தனை பேர், யாரு

இது கொஞ்சம் அலைச்சல் பிடிச்ச வேலை, ஆனா கஷ்டம் இல்ல. தமிழ்நாட்டுல சங்கங்கள் 1975-ம் வருஷ சங்கங்கள் பதிவுச் சட்டத்துல பதிவாகும், கடலூர்க்காரங்களுக்கு மாவட்டப் பதிவாளர் ஆபீஸ். வருஷத்துக்கு ஒரு தடவையாவது பொதுக்குழு கூட்டணும், கணக்கை தணிக்கை பண்ணி உறுப்பினர் பட்டியலோட தாக்கல் பண்ணணும். புதுச்சேரில பழைய 1860 சட்டம், அங்க சங்கப் பதிவாளர்கிட்ட போகணும், தாக்கல் ஆன பேப்பரை யார் வேணா கட்டணம் கட்டி பாக்கலாம். தொழிற்சங்கம்னா 2025 நவம்பர் வரைக்கும் 1926 சட்டம், இப்ப 2020-ம் வருஷ தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, அதுவும் வருஷா வருஷம் கணக்கு குடுத்தாகணும், அது தொழிலாளர் துறைல இருக்கும்.

பதிவாளர் ஆபீஸ்ல சரியா பதில் கிடைக்கலன்னா தகவல் உரிமைச் சட்டத்துல 10 ரூபா கட்டி கேளுங்க, 30 நாள்ல பதில் வரணும். கேள்வியை சுருக்கமா எழுதுங்க: கடைசியா எந்த வருஷத்துக்கு பட்டியல் தாக்கல் ஆச்சி, எத்தனை உறுப்பினர், நிர்வாகிகள் கடைசியா எப்ப மாறினாங்க. மூணாவது கேள்விதான் ரொம்ப முக்கியம்னு நான் நினைக்கறேன். உறுப்பினர் நிறைய பேரு இருக்கற சங்கம் கூட, ஒரே ஆளுங்க ரொம்ப வருஷமா எதிர்ப்பே இல்லாம தலைவரா, செயலாளரா இருக்காங்கன்னா, உறுப்பினர் மனசுல என்ன இருக்குன்னு அவங்களுக்கே தெரியாம போயிடும்.

பதிவே ஆகலன்னா அதை வெச்சி போலின்னு முடிவு பண்ணிடாதீங்க. ஒரு பிரச்சினைக்காக நாலு தெரு ஜனங்க சேர்ந்து ஆரம்பிச்ச போராட்டக் குழுவுக்கு லெட்டர் பேடு கூட இருக்காது, ஆனா தெருவே அவங்க பின்னாடி நிக்கும். அச்சடிச்ச லெட்டர் பேடு, ரப்பர் ஸ்டாம்பு எல்லாம் வெச்சிக்கிட்டு மூணே பேரு இருக்கற சங்கமும் உண்டு.

முடிவை யார் எடுத்தாங்க

தீர்மான நோட்டுன்னு எல்லா சங்கத்துலயும் ஒண்ணு இருக்கும். “இந்த முடிவு எந்த தேதி கூட்டத்துல எடுத்தீங்க, எத்தனை பேர் வந்திருந்தாங்க, எதிர்த்து யாராவது பேசுனாங்களா”ன்னு மரியாதையா கேளுங்க, அண்ணே, ஐயான்னு சொல்லியே கேளுங்க, சண்டைக்கு வந்த மாதிரி கேட்டா கதவு மூடிடும். நல்ல சங்கத்துக்காரங்க சந்தோஷமா எடுத்து காட்டுவாங்க. “எல்லாரும் ஏகமனதா”ன்னு மட்டும் சொல்லி நோட்டைக் காட்ட மாட்டேங்கறாங்கன்னா அதைக் குறிச்சி வெச்சிக்கோங்க. பல வருஷ தீர்மானத்துல ஒரு தடவை கூட ஒருத்தரும் மாத்திப் பேசலன்னா எனக்கு சந்தேகம்தான் வரும்.

பிரதிநிதி வேற, ஜனம் வேறங்கறதுக்கு புதுச்சேரி சரித்திரமே பாடம். 1954 அக்டோபர் 18 கீழூர்ல நடந்தது மக்கள் வாக்கெடுப்புன்னு நிறைய பேர் நினைச்சிட்டு இருக்காங்க. அங்க ஓட்டு போட்டது 178 மக்கள் பிரதிநிதிங்க, 170 பேர் இந்தியாவோட சேரணும்னும் 8 பேர் வேணாம்னும் போட்டாங்க. வங்காளத்துல இருந்த சந்திரநாகூர்ல 1949 ஜூன்ல ஜனங்களே நேரா ஓட்டு போட்டாங்க. கீழூர் முடிவு ஜனங்க மனசுக்கு விரோதமா இருந்துச்சின்னு நான் சொல்ல வரல, விடுதலைக்கு இங்க மில் தொழிலாளிங்கள்ல இருந்து கிராமத்து ஜனங்க வரைக்கும் உயிரைக் குடுத்து போராடியிருக்காங்க. ஆனா 178 பேரைக் கேட்டதையும் ஊரையே கேட்டதையும் ஒண்ணா எழுதக்கூடாது. 1979 ஜனவரில புதுச்சேரியை தமிழ்நாட்டோட சேக்கலாம்னு டெல்லில பேச்சு வந்தப்போ ஊரே கொதிச்சி எழுந்துச்சி, அந்தப் பேச்சையே கைவிட வேண்டியதாச்சி. மேல இருக்கறவங்க ஊர் மனசை எப்படி தப்பா கணக்கு போடுவாங்கங்கறதுக்கு அதைவிட உதாரணம் வேணாம்.

இப்ப மாநில அந்தஸ்து கோரிக்கைக்கு வாங்க. சட்டசபைலயே திரும்பத் திரும்ப தீர்மானம் போட்டிருக்காங்க, அமைப்புங்க பந்த் நடத்துது. அதுல நியாயம் இருக்குன்னுதான் நானும் நினைக்கறேன். ஆனாலும் “புதுச்சேரி மக்கள் கேக்கறாங்க”ன்னு யாராவது சொன்னா நான் உடனே கேக்கறது, காரைக்கால்ல கேட்டீங்களா, கேரளாவுக்குள்ள இருக்கற மாஹேல கேட்டீங்களா, ஆந்திராவுக்குள்ள இருக்கற ஏனாம்ல கேட்டீங்களா? காரைக்கால்ல தனி யூனியன் பிரதேசம் வேணும்னு கேக்கறவங்களும் இருக்காங்க.

யார் இல்லங்கறதுதான் பெரிய கேள்வி

இங்கதான் கொஞ்சம் நிதானமா நிக்கணும்.

கடலூர்க் கரைல மீனவர் கிராமங்கள்ல ஊர் பஞ்சாயத்துதான் எல்லாம். தலைக்கட்டு கணக்குல வரி, கல்யாணம் ஆன ஆம்பளை ஒரு தலைக்கட்டு. கூட்டத்துல உக்காந்து பேசறது அவங்கதான். கூடைல மீன் தூக்கிட்டு தெருத்தெருவா போய் விக்கறது பொம்பளைங்க, ஏலத்துல பேரம் பேசி எடுக்கறது அவங்க, வீட்டுக் கடனை கட்டறது அவங்க, ஆனா ஊர் கூட்டத்துல அவங்களுக்கு இடம் இல்ல. சுனாமி வந்தப்போ நிவாரணப் பட்டியல் பல ஊர்ல இந்த தலைக்கட்டு கணக்கு வழியாத்தான் போச்சி, புருஷன் இல்லாத பொம்பளைங்களுக்கு பாதிப் பங்கு, சில இடத்துல அதுவும் இல்லன்னு அப்பவே பேச்சு வந்துச்சி. பஞ்சாயத்து நல்லது நிறைய பண்ணியிருக்கு, சுனாமி அன்னிக்கு அரசாங்கம் வர்றதுக்கு முன்னாடி பொணத்தை எடுத்து அடக்கம் பண்ணதும் கஞ்சி ஊத்துனதும் அவங்கதான். ரெண்டும் உண்மை.

அடுத்தது சுருக்குமடி வலை, மீன் கூட்டத்தை சுத்தி வளைச்சி அடியைச் சுருக்கி மொத்தமா அள்ற பெரிய வலை. “மீனவர்கள் கோரிக்கை”ன்னு தலைப்பு போட்டு ரெண்டு நேர் எதிர் செய்தி ஒரே வாரத்துல வந்ததை நீங்களே பாத்திருப்பீங்க. தமிழ்நாடு அரசு 2000-ல அந்த வலைக்கு தடை போட்டுச்சி. சுப்ரீம் கோர்ட் 2023 ஜனவரில இடைக்கால உத்தரவா, 12 கடல் மைலுக்கு அந்தாண்ட, திங்களும் வியாழனும் மட்டும், காலைல 8 மணில இருந்து சாயங்காலம் 6 மணி வரைக்கும்னு நிபந்தனையோட அனுமதிச்சது. பெரிய போட்டும் வலையும் வாங்க லட்சக்கணக்குல கடன் வாங்கினவங்களுக்கு அந்த வலை இல்லன்னா வாழ்க்கையே போச்சி. ஃபைபர் போட்லயும் கட்டுமரத்துலயும் போறவங்களுக்கு அந்த வலை வந்தா மத்தி, கானாங்கெளுத்தி எல்லாம் மொத்தமா அள்ளிட்டுப் போயிடும்ங்கற பயம். ரெண்டு பக்கமும் மீனவர் சங்கம்தான், ரெண்டு பக்கமும் உண்மையான வயித்துப் பாடு. இதுல “மீனவர் கருத்து”ன்னு ஒருமைல எழுதறவங்க ஒரு பக்கத்தை அழிக்கறாங்க. ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வரும்போதும் இப்படித்தான், தடை விசைப்படகுக்கு, நாட்டுப் படகுக்காரங்க போகலாம், அதனால தடைக்காலத்தை நீட்டுங்கன்னோ குறைங்கன்னோ ஒரு சங்கம் கேட்டா முதல்ல அந்த சங்கத்து ஆளுங்க எந்தப் படகுன்னு பாருங்க.

விவசாயம் பக்கம் வாங்க. கலெக்டர் ஆபீஸ்ல மாசாமாசம் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் நடக்கும், கட்டாயம் ஒரு தடவை போய் பின்வரிசைல உக்காந்து பாருங்க. முன்வரிசைல பச்சைத் துண்டு போட்ட சங்கத் தலைவருங்க, மைக் அவங்க நடுவுலயே சுத்திக்கிட்டு இருக்கும், கரும்பு பாக்கி, வாய்க்கால் தூர்வாரறது, யூரியா தட்டுப்பாடு, பயிர் இன்சூரன்ஸ், எல்லாம் நியாயமான கோரிக்கை. கதவுப் பக்கம் ஒருத்தர் பிளாஸ்டிக் கவர்ல சுருட்டி வெச்ச பேப்பரோட நிப்பாரு, வாயே திறக்க மாட்டாரு. அவர்கிட்ட போய் பேச்சு குடுங்க. குத்தகை நிலம், பட்டா வேற ஆள் பேர்ல, வெள்ளத்துல பயிர் போச்சி, நிவாரணம் பட்டாதாரர் அக்கவுண்ட்டுக்கு போச்சி, அடங்கல்ல, அதாவது கிராமத்துல யார் என்ன பயிர் வெச்சிருக்காங்கன்னு எழுதற பதிவேட்டுல, இவர் பேர் ஏறவே இல்ல. “விவசாயிகளுக்கு நிவாரணம்”னு சங்கம் ஜெயிச்ச கோரிக்கை இவருக்கு வந்து சேரல. அவருக்கும் கீழ, நடவு நடற பொம்பளைங்க, கரும்பு வெட்டற ஆளுங்க, அவங்களுக்கு அந்த ஹால் எங்க இருக்குன்னே தெரியாது. சங்கத் தலைவர் பொய் சொன்னார்னு இதுக்கு அர்த்தம் இல்ல. அவர் தனக்குத் தெரிஞ்ச விவசாயியைப் பத்தி பேசினாரு, அவ்வளவுதான்.

நெய்வேலிலயும் இதே பாடம்தான். 2023 ஜூலைல வளையமாதேவில கதிர் வந்த வயலுக்குள்ள ஜேசிபி இறங்கினது நாடே பாத்துச்சி. அந்தச் சமயத்துல என்எல்சி, அதாவது நெய்வேலி நிலக்கரி நிறுவனம், சம்பந்தமா வந்த குரலைப் பிரிச்சி எழுதிப் பாருங்க. நிலமே குடுக்க மாட்டோம்னு சொன்னவங்க ஒரு பக்கம், நிலம் குடுத்தாச்சி நிரந்தர வேலை குடுன்னு கேட்டவங்க ஒரு பக்கம், ரொம்ப வருஷமா கான்ட்ராக்ட்ல இருக்கோம் பணி நிரந்தரம் பண்ணுன்னு ஸ்ட்ரைக் பண்ண தொழிலாளிங்க ஒரு பக்கம். சுரங்கம் விரிவானா கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு வேலை உறுதி, வயல்காரருக்கு சோறு போச்சி. கட்சிங்க வந்து எல்லாத்தையும் ஒரே கொடிக்குக் கீழ கொண்டு வந்தப்போ அந்த வித்தியாசம் வெளிய தெரியாம போயிடுச்சி.

ஏன் இப்படி ஆகுது

சுருக்கமா சொல்லிடறேன். 1965-ல மான்சர் ஓல்சன்னு ஒரு அமெரிக்கப் பொருளாதார அறிஞர் இதுக்கு ஒரு காரணம் சொன்னாரு: கொஞ்சம் பேருக்கு பெரிய லாபமோ நஷ்டமோ இருந்தா அவங்க சீக்கிரம் ஒண்ணு சேருவாங்க, நிறைய பேருக்கு ஆளுக்குக் கொஞ்சமா நஷ்டம்னா யாரும் கிளம்ப மாட்டாங்க, “மத்தவன் பாத்துக்குவான்”னு உக்காந்துடுவாங்க. புதுச்சேரி பெரிய மார்க்கெட்டை இடிச்சி கட்டற பேச்சு வந்தப்போ கடைக்காரங்க உடனே எதிர்த்து நின்னாங்க, வெளிய போனா திரும்ப அதே இடம் கிடைக்குமாங்கற பயம், நியாயமான பயம். தினம் அங்க காய் வாங்க வர்ற ஆயிரக்கணக்கான ஜனங்களுக்கு ஒரு சங்கமும் கிடையாது. “மார்க்கெட்டுக்கு வர்றவங்க சங்கம்”னு ஒண்ணு யார் ஆரம்பிப்பா?

அமெரிக்கால இதை எண்ணிக்கையாவே அளந்து பாத்திருக்காங்க. மார்ட்டின் கிலன்ஸ், பெஞ்சமின் பேஜ்னு ரெண்டு பேர் 1981-ல இருந்து 2002 வரைக்கும் 1,779 கொள்கைப் பிரச்சினையை எடுத்து, அதுல சாதாரண ஜனங்க என்ன நினைச்சாங்க, பெரிய சங்கங்க எந்தப் பக்கம் நின்னுச்சின்னு ஒப்பிட்டு 2014-ல வெளியிட்டாங்க. சங்கங்களை மொத்தமா சேர்த்து பாத்தா ஜனங்க விருப்பத்தோட பெருசா சம்பந்தமே இல்ல. உறுப்பினர் பலத்துல நிக்கற சங்கங்க கொஞ்சமா ஜனங்க பக்கம் சாய்ஞ்சிருந்துச்சி, வியாபார சங்கங்க கொஞ்சம் எதிர்ப்பக்கம். அது அவங்க நாட்டுக் கணக்கு, நம்ம ஊருக்கு அப்படியே பொருந்தும்னு சொல்ல முடியாது, ஆனா “சங்கம் நிறைய இருந்தா ஜனங்க குரல் தானா வந்துடும்”ங்கற நம்பிக்கையை அது ஆட்டிப் பாக்குது.

புதுச்சேரில இது இன்னும் அதிகம். உள்ளாட்சித் தேர்தல் 1968-க்கு அப்புறம் 2006-லதான் நடந்துச்சி, அதோட பதவிக்காலம் 2011-ல முடிஞ்சது, அப்புறம் நடக்கவே இல்ல. 2021-ல தேதி அறிவிச்சும் நின்னு போச்சி. அஞ்சு நகராட்சி, பத்து கொம்யூன் பஞ்சாயத்து, எல்லாம் அதிகாரிங்க கைல. தெரு விளக்கு எரியலன்னா கேக்கறதுக்கு வார்டு கவுன்சிலரே இல்லாத ஊர்ல யார் கேப்பா? சங்கம்தான் கேக்கும். அதனால அங்க சங்கத்துக்கு இருக்கற பொறுப்பு ரொம்ப பெருசு. ஓட்டு வாங்காமலே கவுன்சிலர் வேலையைப் பாக்கறாங்க, அப்ப இன்னும் கவனமா சரிபார்க்கணும்.

கூட்டத்தைப் பாத்து ஏமாறாதீங்க

பந்த் அன்னிக்கு நேரு வீதில எல்லா ஷட்டரும் மூடியிருக்கும். “முழு வெற்றி”ன்னு அன்னிக்கு சாயங்காலம் அறிக்கை வரும். ஆனா கொஞ்சம் பக்கத்துல போய் பாருங்க, சில கடைல ஷட்டர் கால் அடி தூக்கி இருக்கும், உள்ள லைட் எரியும், தெரிஞ்ச கஸ்டமருக்கு பின்வாசல் வழியா வியாபாரம் நடக்கும். கண்ணாடி உடையுமோன்னு மூடினவரும் இருக்காரு, மனசார மூடினவரும் இருக்காரு, பஸ் ஓடாது ஆளே வர மாட்டாங்கன்னு மூடினவரும் இருக்காரு. மறுநாள் காலைல கூட்டம் இல்லாத நேரமா நாலு கடைல டீ சாப்பிட்டுக்கிட்டே பேச்சு குடுத்தா உண்மை வரும்.

கையெழுத்து இயக்கம்னா தாளைக் கேட்டு வாங்கி பாருங்க. ஒரே பேனா, ஒரே கையெழுத்து வரிசையா பத்து பேர் இருக்கா, முகவரி எந்தத் தெரு, பொம்பளைங்க பேர் எத்தனை. வாட்ஸப்ல வர்ற ஓட்டெடுப்பை கணக்குலயே சேக்காதீங்க. 1936-ல லிட்டரரி டைஜஸ்ட்னு ஒரு அமெரிக்க வாரப்பத்திரிகை 20 லட்சத்துக்கு மேல பதில் வாங்கி, ரூஸ்வெல்ட் தோத்துடுவாருன்னு சொல்லிச்சி, அவர் 48 மாநிலத்துல 46-ல ஜெயிச்சாரு. அவங்க கேட்டது போன், கார் வெச்சிருந்தவங்க பட்டியல்ல இருந்து, பதில் அனுப்பினதும் கோபத்துல இருந்தவங்க. நம்ம ஏரியா குரூப்புக்கும் அது அப்படியே பொருந்தும், குரூப்ல சத்தமா பேசறவங்க எட்டு பேர், மீதி முன்னூறு பேர் மியூட்ல.

நீங்களே போய் கேளுங்க

இதுதான் முக்கியமான வேலை. பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம்னு சொல்றது சரிதான், ஆனா பானையை நல்லா கிளறின அப்புறம் எடுத்த சோறா இருக்கணும், மேல மிதக்கறதை எடுத்தா கஞ்சிதான் வரும்.

அதனால தெரிஞ்சவங்க வீட்டுக்குப் போகாதீங்க. ஏரியாவுல இருக்கற தெருவை எல்லாம் எழுதி சீட்டு குலுக்கிப் போட்டு எடுங்க, எடுத்த தெருவுல ஏழாவது வீடு ஏழாவது வீடா போங்க, பூட்டியிருந்தா அடுத்த வீட்டுக்குப் போகாம சாயங்காலம் அதே வீட்டுக்கு திரும்ப வாங்க. பகல்ல மட்டும் போனீங்கன்னா வேலைக்குப் போறவங்க யாரும் கிடைக்க மாட்டாங்க, தேவனாம்பட்டினம் மாதிரி இடத்துல காலைல போனா மீன் விக்கப் போன பொம்பளைங்க இருக்க மாட்டாங்க, மத்தியானத்துக்கு மேல போங்க. இப்படி ஒழுங்கா எடுத்த 100 பேர் பதில்னா ஏறக்குறைய 10 சதவீதம் அப்படி இப்படி இருக்கும், 400 பேர்னா 5 சதவீதம். ஊர்ல பாதிக்குப் பாதியா, இல்ல பத்துல எட்டு பேரான்னு தெரிஞ்சிக்க 100 பேரே போதும்.

கேள்வியை எப்படி வெக்கறீங்கங்கறதுல எல்லாமே இருக்கு. “ஊரை நாசம் பண்ற கம்பெனி வேணுமா”ன்னு கேட்டா யாரு வேணும்னு சொல்லுவா? “சிப்காட்ல புது கம்பெனி வருதுன்னு சொல்றாங்க, நீங்க என்ன நினைக்கறீங்க”ன்னு ஆரம்பிங்க, பேச விடுங்க, அப்புறம் ஆதரவா எதிர்ப்பான்னு கேளுங்க, அதுக்கப்புறம் “இதுக்காக ஒரு நாள் கூலியை விட்டுட்டு கூட்டத்துக்கு வருவீங்களா”ன்னு கேளுங்க. கடைசிக் கேள்விதான் எவ்வளவு ஆழமா நினைக்கறாங்கன்னு காட்டும். நூத்துல அறுபது பேர் லேசா ஆதரவா இருக்கலாம், இருபது பேர் உசுரைக் குடுத்து எதிர்க்கலாம், அந்த இருபது பேரு வீடு சிம்னிக்கு நேர் கீழ இருக்கலாம். பெரும்பான்மை ஒண்ணு சொல்லுதுங்கறதால அந்த இருபது பேர் சொல்றது பொய் ஆகிடாது, அதையும் தனியா எழுதுங்க. வீட்ல ஆம்பளை பதில் சொல்லிட்டா அதோட கிளம்பாதீங்க, “அக்கா நீங்க என்ன சொல்றீங்க”ன்னு ஒரு வார்த்தை கேளுங்க, பதில் மாறும்.

கடலூர் சிப்காட் தொழிற்பேட்டை பக்கத்து கிராமங்கள்ல, குடிகாடு, ஈச்சங்காடு பக்கம், 2000-களோட நடுவுல ஊர் ஜனங்களே ஒரு வேலை செஞ்சாங்க. நாத்தம் வந்தா தேதி, நேரம், காத்து எந்தப் பக்கம், என்ன மாதிரி வாடைன்னு நோட்டுல எழுதி வெச்சாங்க, பக்கெட்ல காத்தைப் பிடிச்சி லேபுக்கு அனுப்பினாங்க. “பொதுமக்கள் பாதிப்பு”ன்னு பொதுவா சொன்னப்போ கேக்காத ஆபீஸ், அந்த நோட்டுக்கு பதில் சொல்ல வேண்டியதாச்சி. குழு சின்னதுதான், ஆனா எழுதினது ஊர் அனுபவம். உறுப்பினர் எண்ணிக்கையை விட, ஊர்ல கேட்டு எழுதற பழக்கம் ஒரு அமைப்புக்கு இருக்கான்னுதான் நான் முதல்ல பாப்பேன்.

அரசாங்கப் பதிவோட ஒப்பிடுங்க

கடலூர் மாவட்ட கிராமங்கள்ல வருஷத்துக்கு ஆறு கிராமசபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. 500 பேர் வரைக்கும் இருக்கற ஊராட்சிக்கு 50 பேர் வரணும், 3,000 வரைக்கும் 100, 10,000 வரைக்கும் 200, அதுக்கு மேல 300. தீர்மானப் புத்தகத்துல அந்த ஆள் கணக்கும் இருக்கும். சங்கம் சொல்றதும் கிராமசபைத் தீர்மானமும் ஒத்துப் போச்சின்னா அது பலமான ஆதாரம். கடலூர் மாநகராட்சிக்குள்ள இருக்கறவங்களுக்கு ஏரியா சபை, வார்டு கமிட்டி. தெருவோர வியாபாரிங்க விஷயம்னா, புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட் மாதிரி, 2014 சட்டப்படி நகர விற்பனைக் குழுல வியாபாரிங்க 40 சதவீதத்துக்குக் குறையாம இருக்கணும், அவங்களுக்குள்ளயே தேர்தல் நடத்தி, அதுல மூணுல ஒரு பங்கு பொம்பளைங்க. அந்தத் தேர்தல் நடந்துச்சான்னு கேளுங்க, நடக்கலன்னா அங்க வியாபாரிங்க சார்பா பேசறவங்களை யார் அனுப்பினதுன்னும் கேளுங்க.

தொழிற்சாலை, சுரங்கம் மாதிரி திட்டத்துக்கு 2006 சுற்றுச்சூழல் அறிவிக்கைப்படி கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கும். 30 நாள் முன்னாடி பேப்பர்ல விளம்பரம் வரணும், வீடியோ எடுக்கணும், பேசினதோட சுருக்கத்தை கடைசில தமிழ்ல படிச்சிக் காட்டணும். ஆனா இத்தனை பேர் வந்தாத்தான் நடத்தணும்னு விதி இல்ல, பத்து பேர் வந்தாலும் நடக்கும். வேன்ல ஆள் வந்து இறங்கறது ரெண்டு பக்கமும் உண்டு. அதனால மேடைல கை தட்டு யாருக்கு அதிகம்னு எண்ணிட்டு வராதீங்க, யார் எந்த ஊர்னு பேர் குடுத்தாங்கன்னு பாருங்க.

உங்க சர்வே கணக்கும் சங்கம் சொல்றதும் ஒத்துப் போகலன்னா முதல்ல சங்கத்துக்காரங்ககிட்டயே கொண்டு போய் காட்டுங்க. நேரா ஃபேஸ்புக்ல போட்டு அவமானப்படுத்தாதீங்க. பாதிப் பேர் உண்மையாவே ஆச்சரியப்படுவாங்க, அடுத்த கூட்டத்துல குத்தகைக்காரங்களையும் கூப்பிடலாம்னு சொன்னவங்களை நான் பாத்திருக்கேன். கேக்கலன்னா நீங்க கேட்ட ஜனங்களையே பேச வைங்க.

கருத்துக்கேட்புக்கு வர முடியாதவங்க எழுதியும் குடுக்கலாம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு கூட்டத்துக்கு முன்னாடியே மனு போகட்டும், ரெண்டு காப்பி எடுத்துட்டுப் போங்க, ஒண்ணுல சீலும் தேதியும் போட்டு வாங்கிக்கோங்க. கூட்டம் முடிஞ்சி குறிப்பு வந்ததும் ஊராட்சி ஆபீஸ்ல போய் படிங்க, அந்தக் கதவுப் பக்கம் நின்னவர் சொன்னது அதுல எந்தப் பக்கத்துல இருக்குன்னு தேடுங்க, இல்லன்னா சீல் போட்ட காப்பியை இணைச்சி கலெக்டருக்கும் வாரியத்துக்கும் அன்னிக்கே எழுதுங்க.